பிளெண்டர்ல கொழுந்து எடுக்கிற கை: ஷோர்ட்கட் போடுறதா, கொன்ட்ரோலர் கட்டுறதா?

கொழுந்துக்கூடை (தலவாக்கலை) எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். பிளெண்டர்ங்கிற 3டி சொப்ட்வெயார்ல (3.6 வெர்ஷன்) ஒரு சின்ன அனிமேஷன் செஞ்சுக்கிட்டு இருக்கேன். ஒரு அம்மா தேயிலை மலையில நின்னு கொழுந்து எடுக்கிறாங்க, கை நிறைஞ்சதும் தோளுக்கு மேலால கூடைக்குள்ள வீசுறாங்க, அவ்வளவுதான் ஷொட். ரிகிஃபைல (எலும்புக்கூடும் அதை அசைக்கிற பிடிகளும், அதாவது ரிக், கட்டித் தர்ற பகுதி) எலும்பு போட்டாச்சு, உடம்பு குனியுது நிமிருது எல்லாம் ஓகே, கைதான் உயிரை எடுக்குது. ரெண்டு கையும் மாறி மாறி ஓடணும், ஒவ்வொரு பறிப்புக்கும் மணிக்கட்டைக் கிளிக் பண்ணு, ஆர் அடி, எக்ஸ் அடி, திருப்பு, அப்புறம் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல்னு ஒவ்வொண்ணா போ, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஐ அடிச்சு கீ போடு (அந்த ஃபிரேம்ல போஸைப் பதிவு செய்), அடுத்த கைக்குப் போ, திரும்ப முதல்ல இருந்து. அதுலயும் கிளிக் பண்றப்ப பக்கத்து விரல் செலக்ட் ஆகித் தொலையுது.

லெப்டொப்ல நம்பர் பேட் வேற இல்ல. வீடியோ பார்த்தா ஒருத்தர் சொந்தமா ஷோர்ட்கட் வச்சாதான் வேகம் வரும்ங்கிறார், இன்னொருத்தர் கையில ஒரு ஸ்லைடர் கட்டு, ஒரே இழுவையில விரலெல்லாம் மடங்கும்ங்கிறார். எதை முதல்ல செய்றது? பைத்தன் புரோகிராமிங் எல்லாம் எனக்குத் தெரியாது, அதை மனசுல வச்சுக்கிட்டு சொல்லுங்க அண்ணாமார் அக்காமார்.

மஸ்கெலியா_மச்சான் எழுதியது:

கொழுந்து எடுக்கிறவங்களுக்கே கை வலிக்குது, அதை வரையிறவங்களுக்கு வலிக்காம இருக்குமா ஹாஹா. சரி சரி, நானும் பின்தொடர்றேன், எனக்கும் ஒரு கேள்வி இருக்கு, பிறகு கேக்குறேன்.

ஹட்டன்_ரிக் எழுதியது:

தங்கச்சி, ரெண்டையும் தொடுறதுக்கு முன்னாடி ஏற்கெனவே உள்ளுக்குள்ள இருக்கிறதைப் பயன்படுத்து, பாதி வலி அதிலயே போகும்.

ஒரு கையில ஒரு பறிப்பை ஒழுங்கா செஞ்சு முடி. அந்தக் கையோட கொன்ட்ரோல்களை (எலும்பை அசைக்கிற பிடிகளை) செலக்ட் பண்ணி கீபோர்ட்ல கொன்ட்ரோல் சி, அடுத்த இடத்துக்குப் போய் கொன்ட்ரோல் ஷிஃப்ட் வி. அப்படியே மறுகைக்குத் திருப்பி ஒட்டும். இதுக்கு எலும்புப் பேரோட கடைசியில இங்கிலிஷ் எல், ஆர் இருக்கணும், ரிகிஃபைல அது தானா வரும், நீயா சேர்க்கிற எலும்புக்கு நீதான் பார்த்துக்கணும். "இடது" "வலது"ன்னு தமிழ்ல எழுதினா அதுக்கு விளங்காது.

அடுத்தது ரிகிஃபை விரல். ஒவ்வொரு விரலோட அடியிலயும் நீளமா ஒரு கொன்ட்ரோல் இருக்கும் பாரு, அதை எஸ் அடிச்சு சின்னதாக்கினா முழு விரலும் மடங்கும். நிறையப் பேர் இதைக் கவனிக்காம மூணு மூணு கணுவா திருப்பிக்கிட்டு இருக்காங்க. நீயும் அப்படித்தான் செய்றன்னு நினைக்கிறேன்.

ரெண்டு கீக்கு நடுவுல ஒரு போஸ் வேணும்னா ஷிஃப்ட் ஈ. மௌஸை இடம் வலமா இழுத்தா முந்தின போஸுக்கும் பிந்தின போஸுக்கும் நடுவுல எங்க வேணுமோ அங்க நிறுத்தலாம். பறிக்கிற கை வெடுக்குன்னு போய் மெதுவா திரும்புறது எல்லாம் இதுலதான் வரும்.

ஷோர்ட்கட்டுக்கு பைத்தனும் வேணாம் ஒண்ணும் வேணாம். எந்த பட்டனா இருந்தாலும் மேல ரைட் கிளிக் பண்ணு, ஷோர்ட்கட் குடுக்கிற ஒப்ஷனும் குயிக் ஃபேவரிட்ஸ்ல சேர்க்கிற ஒப்ஷனும் வரும். ரெண்டாவதை எடு. அப்புறம் க்யூ அடிச்சா உன்னோட சாமான் மட்டும் இருக்கிற ஒரு சின்ன மெனு. போஸ் மோட்ல சேர்த்தது போஸ் மோட்லதான் வரும், ஒப்ஜெக்ட் மோட்ல தேடாத.

நம்பர் பேட் இல்லாததுக்கு பிரெஃபரன்ஸஸ்ல இன்புட் பகுதியில எமுலேட் நம்பேட்னு ஒண்ணு இருக்கு, டிக் பண்ணினா மேல் வரிசை நம்பரே நம்பர் பேட் மாதிரி வேலை செய்யும். எடிட் மோட்ல 1, 2, 3 அடிச்சு வெர்டெக்ஸ், எட்ஜ், ஃபேஸ் மாத்துறது போயிடும். நீ இப்ப மொடலிங் செய்யல, அனிமேஷன்தானே, பரவாயில்ல.

கண்டி_மாயா எழுதியது:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், யாரும் கோவிக்க வேணாம். இந்த ஷோர்ட்கட் மோகம் எனக்குப் பிடிக்கிறதில்ல. நான் மாயாங்கிற இன்னொரு 3டி சொப்ட்வெயார்ல வேலை செய்றவன், அங்க ஹொட்கீ எடிட்டர்ல என்ன வேணும்னாலும் மாத்தலாம், ஆனா ஆரம்பிக்கிறவங்க நாள் முழுக்க கீ மாத்திக்கிட்டே இருக்காங்க, ஷொட் அப்படியே கிடக்குது. மாயாவுல டபிள்யூ, ஈ, ஆர், எஸ், நாலு கீ போதும், மிச்சம் எல்லாம் ரிக்ல இருக்கணும். செட் டிரிவன் கீ வச்சு ஒரு ஸ்லைடருக்கு விரல் பூராவும் கட்டிவிட்டா வேலை முடிஞ்சுது. ரிக் நல்லா இருந்தா ஷோர்ட்கட் தேவையே இல்ல.

பொம்மலாட்டம் பார்த்திருப்பீங்க, அம்பலாங்கொடைப் பக்கம் ரூகடன்னு சொல்ற நூல் பொம்மை, 2018ல யுனெஸ்கோ பட்டியல்ல கூட சேர்த்தாங்க. அதுல ஒரு நூலுக்கு ஒரு விரல்னு யாரும் இழுக்கிறது இல்ல, பல நூலை ஒரு கட்டையில கட்டி, கட்டையைச் சாய்ச்சா உடம்பு சாயும். கட்டையை நல்லா கட்டுங்கன்னுதான் நான் சொல்றேன்.

ஹட்டன்_ரிக் எழுதியது:

கட்டை உதாரணம் நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஆனா கட்டையைப் பிடிக்கிற கையும் ஒண்ணு இருக்குல்ல. நான் ரெண்டையும் இப்படித்தான் பிரிக்கிறேன்: ஷோர்ட்கட் என் கையோட போறது, கொன்ட்ரோலர் ஃபைலோட போறது. விரல் எப்படி மடங்கணும்ங்கிறது அந்த அம்மாவோட கையைப் பத்தினது, அதை ரிக்ல கட்டினா ஃபைலை யார் திறந்தாலும் அதே மாதிரி மடங்கும். "முந்தின கீக்குப் போ", "இந்தக் கையை முழுசா செலக்ட் பண்ணு", "திருப்பி ஒட்டு" இதெல்லாம் நான் எப்படி வேலை செய்றேன்ங்கிறது, அதை ரிக்ல போட்டு என்ன பிரயோசனம். அதை மாத்திச் செய்றப்பதான் சிக்கல் வருது. எனக்கு ஒரு தடவை வந்த ஃபைல்ல, கை மூடுறதையே ஒரு ஷோர்ட்கட்டா ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருந்தாங்க, அந்த ஸ்கிரிப்ட் அனுப்பினவர் மெஷின்ல இருக்கு, என்கிட்ட இல்ல, நான் என்னத்தை மூடுறது?

கண்டி_மாயா எழுதியது:

அது நியாயம்.

லிந்துல_டீச்சர் எழுதியது:

பிள்ளைகளுக்கு பிளெண்டர் சொல்லிக் குடுக்கிறவ என்ற முறையில ஒரு விசயம், இதை யாரும் வீடியோவில சொல்றதில்ல ஏன்னா அவங்க யாரும் தமிழ்ல டைப் பண்றவங்க இல்ல. எங்க லேப் கொம்பியூட்டர்ல எல்லாம் தமிழ் அடிக்கிற சொப்ட்வெயார் பின்னால ஓடிக்கிட்டே இருக்கும். இ-கலப்பையில எஃப் 2 அடிச்சா தமிழ் மாறும், பிளெண்டர்ல எஃப் 2ன்னா பேர் மாத்துறது. என்எச்எம் ரைட்டர்ல ஆல்ட்டும் நம்பரும் சேர்ந்தா கீபோர்ட் மாறும். ஒரு பிள்ளை ஆல்ட் 2ல ஒரு ஷோர்ட்கட் வச்சிட்டு பிளெண்டர் பழுதுன்னு அழுதது, பார்த்தா பிளெண்டருக்கு அந்தக் கீ போய்ச் சேரவே இல்ல, நடுவுலயே இது பிடிச்சுக்கிச்சு.

விண்டோஸ்ல ரெண்டு மொழி போட்டிருந்தா இடப்பக்க ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்த்து அமத்தினா மொழி மாறும். பிளெண்டர்ல பக்கத்துக் கீ போஸோட கலக்கிறதுக்கு ஷிஃப்ட் ஆல்ட் ஈன்னு ஒண்ணு இருக்கு, அதை நாலு தரம் அடிக்கிறதுக்குள்ள எலும்புப் பேர் எழுதுற பொக்ஸ்ல எல் அடிக்கிற இடத்துல தமிழ் எழுத்து வந்து நிக்கும். ஷிஃப்டை மட்டும் அஞ்சு தரம் தொடர்ந்து தட்டினா விண்டோஸ் ஸ்டிக்கி கீஸ் வசதியைப் போடவான்னு கேள்வி கேட்கும். பழைய இன்டெல் கிராபிக்ஸ் இருக்கிற சில மெஷின்கள்ல கொன்ட்ரோல் ஆல்ட் அம்புக்குறி அடிச்சா திரையே தலைகீழா போயிடும், வகுப்புல அன்னைக்குப் பாடம் நடக்காது.

அதனால ஷோர்ட்கட் தெரிவு செய்றதுக்கு முன்னாடி, தங்கச்சி, உங்க லெப்டொப்ல என்னென்ன கீயைப் பின்னால இருக்கிறவங்க பிடிச்சு வச்சிருக்காங்கன்னு பாருங்க. தமிழ் சொப்ட்வெயாரோட ஷோர்ட்கட்டை அதோட செட்டிங்ஸ்லயே மாத்தலாம், இல்லாட்டி பிளெண்டர் ஓடுறப்ப அதை மூடி வைக்கலாம்.

கொழுந்துக்கூடை எழுதியது:

டீச்சர்!!! இதேதான், இதேதான் எனக்கும். ரெண்டு நாளா எஃப் 2 அடிச்சா பேர் மாறல, ஃபைல்தான் பழுதுன்னு நினைச்சேன். நன்றி.

ஹட்டன் அண்ணா, விரல் ஸ்கேல் பண்றது வேலை செய்யுது, கொன்ட்ரோல் ஷிஃப்ட் வியும் வேலை செய்யுது. ஆனா இப்ப புதுப் பிரச்சினை. எங்க பெரியம்மா தோட்டத்துல வேலை செஞ்சவங்க, அவங்ககிட்ட காட்டினேன். பார்த்த உடனே சிரிச்சிட்டு "இது என்ன கை முஷ்டி மடக்குது, இப்படி எடுத்தா கொழுந்தெல்லாம் கசங்கிப் போகும், கணக்கப்பிள்ளை ஏசுவாரு"ன்னாங்க. அப்புறம் கையில செஞ்சு காட்டினாங்க. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும்தான் வேலை செய்யுது, நடுவிரல் தாங்கிப் பிடிக்குது, ரெண்டு இலையும் மொட்டும் அந்தக் கணுவுல படக்குன்னு ஒடியுது, நகத்தால கிள்ளுறது இல்ல. மோதிர விரலும் சுண்டு விரலும் ஏற்கெனவே எடுத்த கொழுந்தை உள்ளங்கையில அணைச்சு வச்சிருக்கு. கை நிறைய நிறைய அந்த ரெண்டு விரலும் மெல்ல மெல்ல விரியுது. மடங்கின ரெண்டு விரலும் கொழுந்தை விடாம, முன்னால இருக்கிற விரல் மட்டும் ஓடிக்கிட்டே இருக்குது.

அப்ப ஒரு ஸ்லைடர் போதாதுல்ல?

ஹட்டன்_ரிக் எழுதியது:

அடேயப்பா, பெரியம்மாவுக்கு ஒரு கும்பிடு. ரிக் டிசைனே அவங்க குடுத்துட்டாங்க.

ரெண்டு ஸ்லைடர் கட்டு, ஒவ்வொரு கைக்கும். ஒண்ணுக்குப் பேர் "ஒடி": கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல். இன்னொண்ணு "அணை": மோதிரம், சுண்டு. "ஒடி" படக் படக்குன்னு மேல கீழ போகும், "அணை" ஷொட் பூராவும் மெல்லமா ஒரே கோடா விரிஞ்சு போய் வீசுறப்ப மட்டும் சட்டுன்னு திறக்கும். கிராஃப் எடிட்டர்ல பார்த்தா ஒண்ணு ரம்பப் பல் மாதிரியும் மத்தது சாய்வா ஒரு கோடாவும் தெரியணும், அப்படித் தெரிஞ்சா கை சரியா இருக்கு.

கட்டுற விதம் சொல்றேன். எடிட் மோட்ல புது எலும்பு ஒண்ணு போடு, டிஃபோர்ம் டிக்கை எடுத்துடு, இல்லாட்டி தோலை இழுக்கும். அதுக்கு லிமிட் லொக்கேஷன் கொன்ஸ்ட்ரெயின்ட் (எலும்பு எவ்வளவு நகரலாம்னு வரம்பு போடுறது), லோக்கல் ஸ்பேஸ், ஒய் பக்கம் மட்டும் 0 தொடக்கம் 0.1 வரை விடு, மத்ததெல்லாம் 0ல பூட்டு. அங்க அஃபெக்ட் டிரான்ஸ்போம்னு ஒரு டிக் இருக்கு, பழைய வெர்ஷன்ல பேர் கொஞ்சம் வேற, அதைப் போடாட்டி கண்ணுக்கு ஸ்லைடர் நின்ன மாதிரி தெரியும், உள்ள நம்பர் ஓடிக்கிட்டே இருக்கும், அப்புறம் திருப்பி இழுக்கிறப்ப ஸ்லைடர் அசையாம கிடந்து எரிச்சல் மூட்டும். எக்ஸ்ல ஓட விடாத, ஒய்ல ஓட விடு. ஏன்னா கொன்ட்ரோல் ஷிஃப்ட் வி அடிச்சு மறுகைக்கு ஒட்டுறப்ப எக்ஸ் லொக்கேஷனைத்தான் மைனஸா திருப்பும், 0.1 இருந்தது மைனஸ் 0.1 ஆகும், லிமிட் அதை 0ல நிறுத்தும், மறுகை மூடவே மூடாது.

விரலோட இணைக்கிறதுக்கு ரெண்டு வழி. டிரைவர் (ஒரு நம்பரை வச்சு இன்னொண்ணை ஓட வைக்கிறது) போடுறது ஒண்ணு, ஆனா எலும்பு எல்லாம் வழக்கமா குவாட்டர்னியன்ங்கிற சுழற்சிக் கணக்கு மோட்ல இருக்கும், எக்ஸ் ரொட்டேஷனுக்கு டிரைவர் போடணும்னா முதல்ல எக்ஸ்வைஇசட் ஒய்லருக்கு மாத்தணும். அதோட டிரைவர் போட்ட பெட்டி ஊதாக் கலராகி பூட்டின மாதிரி ஆயிடும், அந்த விரலை நீ கையால கொஞ்சம் திருத்தணும்னா முடியாது. பெரியம்மா பார்த்துட்டு "சுண்டு விரல் இன்னும் உள்ள"ன்னு சொன்னா என்ன செய்வ?

அதனால உனக்கு ஆக்‌ஷன் கொன்ஸ்ட்ரெயின்ட்தான் சரி, ஆக்‌ஷன்னா சேமிச்சு வச்ச ஒரு அசைவு. புது ஆக்‌ஷன் ஒண்ணு எடு, 0வது ஃபிரேம்ல விரல் திறந்த போஸ், 20வது ஃபிரேம்ல ஒடிச்ச போஸ், நடுவுல 12ல விரல் நுனி தொடுற போஸ், பெரியம்மாவைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டே செய். அப்புறம் ஒவ்வொரு விரல் எலும்புக்கும் ஆக்‌ஷன் கொன்ஸ்ட்ரெயின்ட் போட்டு, டார்கெட் ஸ்லைடர் எலும்பு, சனல் ஒய் லொக்கேஷன், லோக்கல் ஸ்பேஸ், 0 தொடக்கம் 0.1ன்னா 0 தொடக்கம் 20 ஃபிரேம். ஸ்லைடரை இழுத்தா அந்த போஸ் வழியா ஓடும், அதுக்கு மேல விரலை நீ கையாலயும் திருப்பலாம், ரெண்டும் சேரும்.

ஒரே ஒரு கவனம், ரிகிஃபைல ரிக்கைத் திரும்ப உருவாக்க ஜெனரேட் அடிச்சா நீ கையால போட்ட கொன்ஸ்ட்ரெயின்ட் எல்லாம் போயிடும். மெட்டாரிக்ல (ரிக்கை உருவாக்க எடுக்கிற மாதிரி எலும்புக்கூடுல) மாத்துறதெல்லாம் மாத்தி முடிச்சிட்டு கடைசியா இதைச் செய்.

கண்டி_மாயா எழுதியது:

நல்ல விளக்கம். ஒண்ணே ஒண்ணு, ஸ்லைடரை எங்க வைக்கிறது? மணிக்கட்டோட ஒட்டி வச்சா வீசுற ஷொட்ல கை பறக்கிறப்ப அதைத் துரத்திப் பிடிச்சு கிளிக் பண்ண ஏலாது. உடம்புக்குப் பக்கத்துல, ரூட் எலும்போட (எல்லாத்துக்கும் அடி எலும்போட) சேர்த்து, இடக்கைக்கு ஒண்ணு வலக்கைக்கு ஒண்ணா ஒரு சின்னப் பலகை மாதிரி வைங்க. கஸ்டம் ஷேப் வேற வேற குடுங்க, "ஒடி" முக்கோணம், "அணை" வட்டம், இடது வலது வேற கலர். தேவையில்லாத சனல் எல்லாத்தையும் இங்கிலிஷ் என் கீ அடிச்சா வர்ற பக்கத்துப் பேனல்ல பூட்டுப் போட்டு மூடிடுங்க, ரொட்டேஷன் ஸ்கேல் பூட்டாத ஸ்லைடர் ஒருநாள் ஒரு பக்கம் சாயும், ஏன்னு யாருக்கும் தெரியாது.

கொழுந்துக்கூடை எழுதியது:

ஸ்லைடரா எலும்பு வைக்காம, கஸ்டம் பிரொப்பர்ட்டின்னு ஒரு நம்பர் பெட்டி வச்சா போதாதா, சில வீடியோல அப்படித்தான் செய்றாங்க?

ஹட்டன்_ரிக் எழுதியது:

வைக்கலாம், ஆனா லொக்கேஷன் ரொட்டேஷன் ஸ்கேலுக்கு மட்டும் கீ போடுறப்ப கஸ்டம் பிரொப்பர்ட்டிக்கு கீ விழாது, அதைத் தனியா போடணும், இல்லாட்டி ஹோல் கேரக்டர் கீயிங் செட் (எல்லாத்துக்கும் சேர்த்து கீ போடுற ஒப்ஷன்) எடுக்கணும். ஆரம்பத்துல இதை மறந்துட்டு ஏன் கை திறந்தே இருக்குன்னு தேடுவ. எலும்பா இருந்தா மத்த எலும்போட எலும்பா கீ விழும், கொப்பி பேஸ்டும் ஆகும். ஐகே எஃப்கே (கை நுனியை இழுத்து அசைக்கிறதா, ஒவ்வொரு மூட்டா திருப்புறதான்னு) மாத்துற மாதிரி எப்பவாவது தொடுறதுக்கு பிரொப்பர்ட்டி, அடிக்கடி இழுக்கிறதுக்கு எலும்பு.

கூடைக்கு என்ன செஞ்ச? அதைக் கேக்க மறந்துட்டேன்.

கொழுந்துக்கூடை எழுதியது:

கூடையை நெஞ்சு எலும்புக்கு பேரன்ட் பண்ணினேன் (அதோட சேர்ந்து அசையிற மாதிரி கட்டினேன்). ஆனா கயிறு தலையில மாட்டி இருக்குல்ல, தலை திரும்புறப்ப கயிறு தலைக்குள்ள போகுது, கூடை அசையாம நிக்குது.

ஹட்டன்_ரிக் எழுதியது:

கூடைக்குத் தனி எலும்பு போட்டு ஆர்மேச்சர் கொன்ஸ்ட்ரெயின்ட், அதுல டார்கெட் ரெண்டு: நெஞ்சு 0.7, தலை 0.3. தலை திரும்பினா கூடையும் கொஞ்சமா வரும், குனிஞ்சா முதுகோட வரும். கயிறை கூடை எலும்புக்கும் தலைக்கும் நடுவுல வெயிட் (எந்த எலும்பு எவ்வளவு இழுக்கும்ங்கிறது) பிரிச்சு விடு. அந்த 0.7, 0.3 வேதவாக்கு இல்ல, கூடை பாரம் ஏறினா தலைப் பக்கம் கூட்டிப் பாரு, கழுத்து முன்னால தள்ளுறது தெரியும்.

வீசுற கொழுந்துக்கு சைல்ட் ஒஃப் கொன்ஸ்ட்ரெயின்ட் போட்டு முதல்ல கைக்கு, அப்புறம் கூடைக்குன்னு இன்ஃபுளுவன்ஸை 1லயிருந்து 0க்கு கீ போடு. செட் இன்வர்ஸ் அமத்தாட்டி கொழுந்து நானுஓயா பக்கம் போய் விழும்.

மஸ்கெலியா_மச்சான் எழுதியது:

இப்ப என் கேள்வி. நான் காமன் கூத்துல வர்ற மதன் ரதி ஆட்டத்தைச் செய்றேன், மாசி மாசத்துல எங்க தோட்டத்துல ஆடினதை போன்ல ரெக்கோர்ட் பண்ணி வச்சிருக்கேன். கால் அடி தப்பு மேளத்தோட தாளத்துக்கு விழணும். ஃபிரேம் நம்பர் எண்ணி எண்ணி வெறுத்துப் போச்சு. இதுக்கு ஏதாவது ஷோர்ட்கட் இருக்கா?

கண்டி_மாயா எழுதியது:

ஓடியோவை வீடியோ சீக்வென்சர்ல போடுங்க, பிளேபேக்ல சிங்க் டு ஓடியோ எடுங்க, பிளே பண்ணிக்கிட்டே மௌஸை டைம்லைன் மேல வச்சு ஒவ்வொரு அடிக்கும் எம் கீயைத் தட்டுங்க. அந்த இடத்துல எல்லாம் மார்க்கர் விழும். கை தாளத்துக்குப் பழகின கையா இருந்தா ஒரு ஃபிரேம் ரெண்டு ஃபிரேம்தான் விலகும், அப்புறம் நகர்த்திச் சரி பண்ணலாம். ஆட்டத்துல திரும்பத் திரும்ப வர்ற நிலையை போஸ் லைப்ரரியில சேர்த்து வைங்க, 3.0க்குப் பிறகு அது அசெட் பிரவுசர்ல படத்தோட வருது, ஷோர்ட்கட் மனப்பாடம் பண்ணத் தேவையில்ல. நான் மாயாக்காரன்தான், ஆனா இது பிளெண்டர்ல நல்லா இருக்குன்னு ஒத்துக்கிறேன்.

மஸ்கெலியா_மச்சான் எழுதியது:

எம் தட்டுறது தப்பு அடிக்கிற மாதிரியே இருக்கு, அடிபொளி. நன்றி அண்ணே.

லிந்துல_டீச்சர் எழுதியது:

கொழுந்துக்கூடை அனுப்பின ஃபைலை லேப்ல திறந்தேன், பிள்ளைகளுக்குக் காட்டலாம்னு. ஸ்லைடர் வேலை செய்யுது, ஆனா ஐகே எஃப்கே மாத்துற பக்கத்துப் பேனல் ஒண்ணுமே இல்ல. மேல ஏதோ எச்சரிக்கை வந்துச்சு, பயத்துல மூடிட்டேன்.

ஹட்டன்_ரிக் எழுதியது:

டீச்சர், ரிகிஃபை பேனல் ஒரு பைத்தன் ஸ்கிரிப்ட், ஃபைலுக்குள்ளேயே இருக்கும். ஃபைல்ல வர்ற ஸ்கிரிப்டைத் தானா ஓட விடாம வைக்கிறது பிளெண்டரோட வழக்கம், பாதுகாப்புக்கு. தெரிஞ்ச ஆள் அனுப்பினதுன்னா அந்த எச்சரிக்கையில அனுமதி குடுங்க, தெரியாத ஃபைலுக்குக் குடுக்காதீங்க. டிரைவர்லயும் இதே கதைதான், கூட்டல் கழித்தல் பெருக்கல் மாதிரி எளிய கணக்கு அனுமதி இல்லாமலே ஓடும், பெரிய பைத்தன் எழுதினா நின்னுடும். ஆக்‌ஷன் கொன்ஸ்ட்ரெயின்ட்டுக்கு இது எதுவும் தேவையில்ல, அதனாலதான் ஸ்லைடர் உங்களுக்கு ஓடிச்சு.

லேப்ல எந்த வெர்ஷன்? 4.0ல இருந்து கிராபிக்ஸுக்கு ஓபன்ஜிஎல் 4.3 கேக்கும், 3.6க்கு 3.3 போதும், பழைய மெஷின்னா 3.6லயே இருங்க. எல்லாரும் ஒரே வெர்ஷன்ல இருந்தா நல்லம், 4.0ல எலும்புகளைக் குழுவாப் பிரிக்கிற லேயருக்குப் பதிலா போன் கலெக்‌ஷன் வந்துடுச்சு, அதுல பிரிச்சு வச்சது பழையதுக்குத் தெரியாது.

கொழுந்துக்கூடை எழுதியது:

டீச்சர் சொன்னதைப் பார்த்து என் ஷோர்ட்கட் எல்லாத்தையும் திரும்பப் பார்த்தேன். இப்ப வச்சிருக்கிறது கொஞ்சம்தான்: க்யூ மெனுவில திருப்பி ஒட்டுறது, ரெஸ்ட் போஸ், ரெண்டு கையையும் செலக்ட் பண்றது. தனிக் கீ குடுத்தது ஷிஃப்ட் ஈக்குப் பதிலா ஒத்தைக் கீயா ஒண்ணு, அதை போஸ் பகுதியில மட்டும் போட்டேன். ஒரு ஷோர்ட்கட்டை எவ்வளவு அடிக்கிறேன்னு பார்த்துதான் கீ குடுக்கிறதுன்னு வச்சிருக்கேன்.

இன்னொண்ணு, போன வருசம் லெப்டொப்பை ரிப்பேருக்குக் குடுத்தேன், கடையில கேக்காமலே விண்டோஸை அழிச்சுத் திரும்பப் போட்டுட்டாங்க, அப்ப பிளெண்டர் செட்டிங்ஸ் எல்லாம் போச்சு. இதுகளைக் காப்பாத்தி வைக்க வழி?

ஹட்டன்_ரிக் எழுதியது:

பிரெஃபரன்ஸஸ்ல கீமேப் (ஷோர்ட்கட் பட்டியல்) பக்கத்துல எக்ஸ்போர்ட் இருக்கு, நீ மாத்தினது மட்டும் ஒரு சின்ன ஃபைலா வரும், பென் டிரைவ்லயும் மெயில்லயும் ஒரு கொப்பி போட்டு வை. புது வெர்ஷன் இன்ஸ்டோல் பண்ணி முதல் தடவை திறக்கிறப்ப பழைய செட்டிங்ஸ் எடுக்கவான்னு கேக்கும், அவசரத்துல மூடிடாத.

பதுளை_சோல்டரிங் எழுதியது:

நான் லேட்டா வர்றேன், மன்னிக்கணும். யாரும் கையால தொடுற கொன்ட்ரோலரைப் பத்திப் பேசல, அதான் எனக்குப் பிடிச்ச ஏரியா. 1993ல வந்த ஜுராசிக் பார்க் படத்துல டைனோசர் இன்புட் டிவைஸ்னு ஒண்ணு செஞ்சாங்க தெரியுமா, டைனோசர் எலும்புக்கூடு மாதிரி உலோகத்துல ஒரு உருவம், மூட்டுக்கு மூட்டு சென்சர், பொம்மையைக் கையால அசைச்சு அசைச்சு எடுக்கிற பழைய ஸ்டொப் மோஷன் ஆட்கள் அதைப் பிடிச்சு வளைச்சா கொம்பியூட்டர்ல இருக்கிற டைனோசர் வளையும். மௌஸ் பழகாத கைக்கு அந்தப் பழைய கையையே கொம்பியூட்டருக்குள்ள கொண்டு போனாங்க.

நமக்கு அவ்வளவு வேணாம். புரோ மைக்ரோங்கிற சின்ன மைக்ரோகொன்ட்ரோலர் போர்ட் ஒண்ணும் மெக்கானிக்கல் சுவிட்ச் ஆறும் இருந்தா சின்ன கீபேட் ஒண்ணு சோல்டர் பண்ணிடலாம். அதுல கியூஎம்கே (கீபோர்டை ஓட்டுற சொப்ட்வெயார்) போட்டு எஃப் 13 தொடக்கம் எஃப் 24 வரைக்கும் இருக்கிற கீயைக் குடுங்க. சாதாரண கீபோர்ட்ல அந்தக் கீயே இல்ல, அதனால இ-கலப்பையோ விண்டோஸோ அதைப் பிடிக்க மாட்டாங்க, பிளெண்டர் அந்தக் கீயை வாங்கிக்கும். டீச்சர் சொன்ன மோதல் முழுக்க இதுல ஓயும்.

மலிவா வேணும்னா தனியா விக்கிற யூஎஸ்பி நம்பர் பேட் வாங்கலாம், வியூ மாத்துறதுக்கு நல்லம். ஆனா அது அனுப்புறது மத்த நம்பர் பேட் அனுப்புற அதே கீதான், ஷோர்ட்கட்டுக்குன்னு பிரிக்க லினக்ஸ்ல கீபோர்ட் கீபோர்டா தனித்தனி கீ மாத்தம் செய்யலாம், விண்டோஸ்ல தனி சொப்ட்வெயார் தேடணும்.

கொழுந்துக்கூடை எழுதியது:

அண்ணா அந்த "ஒடி" ஸ்லைடரையே நிஜமா விரலால இழுக்கிற மாதிரி செய்யலாமா? எங்க பெரியம்மா கையில குடுத்து அவங்களே ஒடிச்சா எப்படி இருக்கும்!

பதுளை_சோல்டரிங் எழுதியது:

செய்யலாம், ஆனா சுவிட்ச் மாதிரி சுளுவா இல்ல. புரோ மைக்ரோவில அனலொக் பின் இருக்கு, ஸ்லைடு பொட்டென்ஷியோமீட்டர் (இழுக்கிற அளவுக்கு மின்தடை மாறுற பாகம்) ஒண்ணை அதுல கட்டி, வாசிக்கிற நம்பரை சீரியல்ல அனுப்பணும். பிளெண்டர் தானா அதை வாங்காது, ஒரு பைத்தன் அட்ஒன் எழுதி டைமர்ல வாசிச்சு ஸ்லைடர் எலும்போட ஒய்ல போடணும், ஓட்டோ கீயிங் ஓன்ல இருந்தாலும் நம்ம ஸ்கிரிப்டே கீ போடுற மாதிரி எழுதுறதுதான் நம்பிக்கை. நம்பர் நடுங்கும், அதுக்குக் கொஞ்சம் சராசரி எடுக்கணும், ரொம்ப எடுத்தா படக்குன்னு ஒடியிறது போயிடும். ஸ்கிரிப்ட் நான் எழுதித் தர்றேன், முதல்ல வெறும் சுவிட்ச் கீபேட் செஞ்சு பழகுங்க.

போர்ட் வாங்குறப்ப அட்மெகா 32யூ4 சிப் இருக்கான்னு பார்த்து வாங்குங்க தங்கச்சி. ஆர்டுயினோ ஊனோ ஆர் 3ங்கிற வேற போர்ட் மலிவா இருக்குன்னு கடையில குடுப்பாங்க, அது நேரா கீபோர்டா வேலை செய்யாது.